உங்கள் சபைக்கு எந்தச் சீஷத்துவ முறை பொருந்தும்? யாங்கோன் தமிழ்ச் சபைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சீஷத்துவப் பயிற்சி தொடங்கலாம் என்று சபைக் கமிட்டியில் முடிவானதும் பெரும்பாலும் நடப்பது இதுதான். யாரோ ஒருவர் சென்னையிலிருந்தோ பினாங்கிலிருந்தோ வந்த பாடப் புத்தகத்தைக் கொண்டுவருகிறார். முப்பது நகல் எடுக்கிறார்கள். முதல் வாரம் இருபத்தைந்து பேர் வருகிறார்கள். மழைக்காலம் தொடங்கும்போது ஆறு பேர் மிஞ்சுகிறார்கள். அப்புறம் "நம் ஜனங்களுக்கு வாஞ்சை இல்லை" என்று பேச்சு வருகிறது.

வாஞ்சை இருக்கிறது. வரிசைதான் தலைகீழாகிவிட்டது. ஆட்களையும், அவர்களுடைய மொழியையும், நடத்தப்போகிறவரையும் பார்த்த பிறகுதான் முறையை முடிவு செய்ய வேண்டும். முறை முடிவான பிறகுதான் புத்தகம். யாங்கோனிலும் சுற்று வட்டாரத்திலும் முப்பது முதல் நூறு பேர் வரை கூடுகிற தமிழ்ச் சபைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். மெத்தடிஸ்ட், பாப்டிஸ்ட், ஆங்கிலிக்கன், பெந்தெகொஸ்தே எதுவானாலும் படிகள் இவைதான். ஞானஸ்நானம், திடப்படுத்தல் பற்றிய விதிகளில் உங்கள் சபையின் ஒழுங்கைப் பின்பற்றுங்கள்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

போதகரின் முழுச் சம்மதம் முதலில் வேண்டும். அவர் "சரி, செய்யுங்கள்" என்று தலையாட்டினால் போதாது. பிரசங்க மேடையிலிருந்து ஒரு தடவையாவது அவரே இதைப் பற்றிப் பேச வேண்டும். இல்லாவிட்டால் இது வாலிபர்களின் தனிக் கூட்டம் என்று மூத்தவர்கள் ஒதுங்கிவிடுவார்கள்.

இரண்டாவது, உங்களோடு சேர்ந்து யோசிக்க இரண்டு அல்லது மூன்று பேர். அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும், ஒருவராவது முப்பது வயதுக்குக் கீழே இருக்கட்டும். நம் சபைகளில் ஆராதனைக்குத் தவறாமல் வருகிறவர்களில் பெண்கள் நிறையப் பேர். அவர்கள் எந்த நேரத்தில் வீட்டை விட்டு வர முடியும் என்பது ஆண்கள் மட்டும் உட்கார்ந்து பேசும் கமிட்டிக்குத் தெரியாது.

மூன்றாவது, ஒரு நோட்டும் அடுத்த ஆண்டுக் காலண்டரும். பணம் இப்போது தேவையில்லை.

1. யார் யார் இருக்கிறார்கள் என்று பெயர் பெயராக எழுதுங்கள்

"வாலிபர், பெண்கள், முதியோர்" என்று பிரித்து எழுதாதீர்கள். அது உட்காரும் வரிசையைத்தான் காட்டும், தேவையைக் காட்டாது. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவர் எங்கே நிற்கிறார் என்று ஒரு வரி எழுதுங்கள்.

சிலர் இந்து வீட்டிலிருந்தோ பௌத்த வீட்டிலிருந்தோ புதிதாக வந்தவர்கள். ஜெபத்துக்குப் பதில் கிடைத்ததால் வந்திருப்பார்கள். இயேசு யார் என்பதை இன்னும் கோர்வையாகக் கேட்டிருக்க மாட்டார்கள். சிலர் சபையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். பாட்டுகளெல்லாம் தெரியும், கீர்த்தனை தெரியும், ஆனால் ஒரு சுவிசேஷத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்ததே இல்லை. இன்னும் சிலர் இருபது வருஷம் உண்மையாக நடந்தவர்கள். யாரும் அவர்களிடம் ஒருவரையும் ஒப்படைத்ததில்லை. தாய்லாந்துக்கோ மலேசியாவுக்கோ புறப்படத் தயாராக இருக்கும் இளைஞர்கள் தனி வகை. அவர்களுக்கு ஒரு வருஷத் திட்டம் போட்டால் பாதியில் விமானம் ஏறிவிடுவார்கள்.

எந்த வகை அதிகம் என்று தெரிந்ததும் பாதி வேலை முடிந்தது. ஒரே பாடத்தை எல்லாருக்கும் நடத்தும்போது புதியவருக்குத் தலை சுற்றும், பழையவருக்குக் கொட்டாவி வரும். ஆட்கள் நின்றுபோவதற்கு இதைவிடப் பெரிய காரணத்தை நான் பார்த்ததில்லை.

2. என்ன மாற்றம் வர வேண்டும் என்று கண்ணால் பார்க்கக்கூடிய வார்த்தைகளில் எழுதுங்கள்

"ஆவிக்குரிய வளர்ச்சி" என்று எழுதினால் அது வந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. மத்தேயு 28:20-இல் கர்த்தர் கட்டளையிட்டதைக் கைக்கொள்ளக் கற்பிக்கும்படி சொல்லியிருக்கிறது. கைக்கொள்வது வெளியே தெரியும். ஆகையால் வெளியே தெரிகிற வாக்கியமாக எழுதுங்கள்.

உதாரணமாக: வேதத்தைத் தானாகத் திறந்து வாசித்து, அதில் என்ன இருக்கிறது என்று இன்னொருவருக்குச் சொல்ல முடிகிறது. சொந்த வார்த்தையில் ஜெபிக்கிறார். பேசாமலிருந்த அண்ணன் தம்பியிடம் போய்ப் பேசினார். கடன் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார். வேறொருவரைக் கூட உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்.

நான்கைந்து வாக்கியம் போதும். முறையைத் தேர்ந்தெடுக்கும்போது ஒவ்வொரு முறையையும் இந்த வாக்கியங்களுக்கு எதிரே வைத்துப் பாருங்கள். வகுப்பு நடத்தினால் முதல் வாக்கியம் நிறைவேறும். அண்ணன் தம்பி சமாதானம் வகுப்பில் வராது.

3. மொழியை முடிவு செய்யுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். யாங்கோனில் இதைத் தாண்டிப் போகவே கூடாது.

நம் வீட்டுப் பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள், ஆனால் படித்தது பர்மிய மொழியில். பாட்டிக்குத் தமிழ் வேதம் மனப்பாடமாகத் தெரியும். பர்மிய எழுத்துத் தடுமாறும். நடுவில் இருக்கிற தாய் தகப்பன்மார் சந்தைக்குப் பர்மியமும் ஜெபத்துக்குத் தமிழும் வைத்திருப்பார்கள். இந்த மூன்று பேரையும் ஒரே அறையில் வைத்துத் தமிழ்ப் புத்தகத்தை வாசிக்கச் சொன்னால் இளைஞர் வாய் திறக்க மாட்டார். எழுத்துக்கூட்டி வாசிக்க வெட்கம். வெட்கப்பட்டவர் அடுத்த வாரம் வர மாட்டார்.

சரி, பர்மியத்திலேயே நடத்திவிடலாம் என்றால் அதிலும் ஒரு சிக்கல். பர்மிய சபைகள் இன்றும் பெரும்பாலும் வாசிப்பது அமெரிக்க மிஷனரி ஜட்சன் 1834-இல் முடித்த வேத மொழிபெயர்ப்பை. பள்ளியில் படித்த பர்மியத்துக்கும் அந்த நடைக்கும் தூரம் அதிகம். நம் பழைய திருப்புதல் தமிழ் வேதம் இளைஞருக்கு எவ்வளவு கடினமோ, கிட்டத்தட்ட அவ்வளவு கடினம் அதிலும் உண்டு.

ஒரு சோதனை செய்யுங்கள். மாற்கு 2:1 முதல் 12 வரை, கூரையைப் பிரித்துத் திமிர்வாதக்காரனை இறக்கிய பகுதி. உங்கள் பட்டியலில் இருந்து ஐந்தாறு பேரிடம் தனித்தனியாகத் தமிழில் வாசித்துக் காட்டி, "என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று கேளுங்கள். இன்னும் சிலரிடம் பர்மியத்தில். எந்த மொழியில் கதை தடையில்லாமல் வெளியே வருகிறது என்று கவனியுங்கள். "உங்களுக்கு எந்த மொழி வசதி?" என்று நேராகக் கேட்காதீர்கள். ஐயா முன்னால் எல்லாரும் தமிழ் என்றுதான் சொல்வார்கள். மரியாதைக்காகச் சொல்கிற பதில் அது.

முடிவு பெரும்பாலும் இப்படி அமையும்: வாசிப்பது இரண்டு மொழியிலும், பேசுவது அவரவருக்கு வந்த மொழியில், ஜெபமும் அப்படியே. மூத்தவர் ஒருவர் தமிழில் உரக்க வாசிப்பார். அதே பகுதியை இளைஞர் ஒருவர் பர்மியத்தில் வாசிப்பார். பிறகு ஒருவர் புத்தகத்தை மூடிவிட்டு வீட்டுப் பேச்சில் சொல்வார். மூன்று தடவை கேட்டதில் வாசிக்கத் தெரியாதவருக்கும் பகுதி மனதில் தங்கிவிடும். கண் பார்வை மங்கியவர்களுக்குப் போனில் ஒலி வேதாகமம் போட்டுக் கொடுங்கள். இரண்டு மொழியிலும் இலவசமாகக் கிடைக்கிறது. ஒருமுறை இறக்கிவைத்தால் நெட் இல்லாதபோதும் கேட்கலாம்.

வாக்கியத்துக்கு வாக்கியம் மொழிபெயர்ப்பவரை நிறுத்துவது ஞாயிறு பிரசங்கத்துக்குச் சரி. சிறு கூட்டத்தில் வேண்டாம். நேரம் இரண்டு மடங்காகும், பேச்சும் ஒருவர் கையில் போய்விடும்.

4. நடத்தக்கூடியவர்களை எண்ணுங்கள்

முறையைத் தீர்மானிப்பது கடைசியில் இந்த எண்ணிக்கைதான். ஒருவர் வேலைக்கும் போய்க்கொண்டு இரண்டு பேரைத் தனித்தனியாகக் கவனிக்கலாம். அல்லது ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட ஒரு குழுவை நடத்தலாம். இரண்டையும் சேர்த்துச் செய்யச் சொன்னால் மூன்று மாதத்தில் களைத்துவிடுவார். உங்களிடம் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள் என்றால் நாற்பது பேருக்குத் திட்டம் போடாதீர்கள். பன்னிரண்டு பேருக்குப் போடுங்கள்.

நன்றாகப் பேசுகிறவரைத் தேடாதீர்கள். 2 தீமோத்தேயு 2:2 உண்மையுள்ளவர்களிடம் ஒப்புவிக்கச் சொல்கிறது. சொன்ன நேரத்துக்கு வருகிறவரா, கேட்டதை வெளியே சொல்லாதவரா, தன் தவறை ஒத்துக்கொள்கிறவரா என்று பாருங்கள். பேச்சுத் திறமை உள்ளவர் சிறு குழுவில் பிரசங்கம் செய்யத் தொடங்கிவிடுவார். மற்றவர்கள் கேட்டுவிட்டுப் போவார்கள்.

நம் மரியாதை முறையையும் கணக்கில் எடுங்கள். இருபத்தைந்து வயது இளைஞரைப் பிள்ளைகள் "சயா" (பர்மியத்தில் ஆசிரியர்) என்று கூப்பிடலாம். ஆனால் அறுபது வயது அம்மாவிடம் அவர் "போன வாரம் வசனத்தின்படி நடந்தீர்களா?" என்று கேட்க முடியாது. கேட்டால் துடுக்காகத் தெரியும். அம்மாவோ சிரித்துச் சமாளித்துவிடுவார். இதற்கு வழி, அந்தக் கேள்விக்கு முதலில் நடத்துகிறவரே தன்னைப் பற்றிப் பதில் சொல்வது. "அம்மா, எனக்கு இந்த வாரம் கோபத்தை அடக்க முடியவில்லை, எனக்காக ஜெபியுங்கள்" என்று அவர் தொடங்கினால் மூத்தவர்கள் தாமாகவே திறப்பார்கள்.

5. இப்போது முறைகளை ஒப்பிடுங்கள்

வகுப்பு. பத்துக் கட்டளைகள், விசுவாசப் பிரமாணம், பரமண்டல ஜெபம், ஞானஸ்நானம், திருவிருந்து என்று ஒழுங்காகக் கற்பிக்கிற ஞானோபதேச முறை. புதிதாக வந்தவர்களுக்கும் ஞானஸ்நானத்துக்கோ திடப்படுத்தலுக்கோ ஆயத்தமாகிறவர்களுக்கும் இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. ஒரே ஆசிரியர் இருபது பேருக்குக் கற்பிக்கலாம் என்பதால் ஆள் குறைவான சபைக்கும் ஏற்றது. குறை என்னவென்றால், மனப்பாடமாகச் சொல்லிவிட்டு ஒன்றும் மாறாமல் வெளியே போக முடியும். ஆகவே வகுப்பை முதல் கட்டமாக மட்டும் வையுங்கள், அதிலேயே நின்றுவிடாதீர்கள்.

வீட்டுக் குழு. ஆறு முதல் எட்டுப் பேர் ஒரு வீட்டில் கூடி வாசித்து, பேசி, ஜெபிப்பது. சபையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதுதான் பொருந்தும், ஏனென்றால் அவர்களுக்குக் குறைவது தகவல் இல்லை. பேசிப் பழக்கம் இல்லை. மெத்தடிஸ்ட் சபைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர் என்ற வகுப்புக் கூட்ட முறையை மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1742-இல் பிரிஸ்டலில் தொடங்கினார். ஆலயக் கடனுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிக்க வீடு வீடாகப் போனவர்கள் ஜனங்களின் நிலையைக் கண்டதிலிருந்து அது வளர்ந்தது. உங்கள் சபை மரபிலேயே இருக்கிற முறை இது. புதிய பெயர் சூட்டாமல் அதையே உயிர்ப்பித்தால் மூத்தவர்கள் தயங்காமல் சேருவார்கள்.

வீட்டுக் குழுவில் கவனிக்க வேண்டியது, அது பழைய வீட்டு ஜெபக்கூட்டமாக மாறிவிடும் ஆபத்து. மூன்று பாட்டு, ஒரு செய்தி, ஜெபக்குறிப்பு, அப்புறம் சாப்பாடு. ஜெபக்கூட்டம் நல்லதுதான், ஆனால் அங்கே ஒருவர் பேச எல்லாரும் கேட்கிறார்கள். குழுவில் ஒவ்வொருவரும் பேச வேண்டும். சாப்பாட்டையும் தேநீரோடு நிறுத்துங்கள். ஒரு வீட்டில் பிரியாணி போட்டால் அடுத்த வீட்டுக்காரருக்கு அது கடமையாகிவிடும். விலைவாசி இருக்கும் நிலையில் வசதியில்லாதவர்கள் தங்கள் வீட்டில் கூட்டம் வைக்கவே கூச்சப்படுவார்கள்.

ஒருவரோடு ஒருவர். பவுலும் தீமோத்தேயுவும் நடந்த வழி. தீத்து 2-இல் மூத்த பெண்கள் இளம் பெண்களுக்குக் கற்பிப்பதும் இப்படித்தான். இந்து வீட்டிலோ பௌத்த வீட்டிலோ தனியாக விசுவாசித்து வாழ்கிறவருக்கு இதுவே பாதுகாப்பானது. அவர் வீட்டில் குழு கூட முடியாது. அவர் கூட்டத்துக்கு வருவதும் வீட்டில் கேள்வியாகும். டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். தீமிதிக்கு வீட்டார் கூப்பிட்டால் என்ன செய்வது, படைத்ததைச் சாப்பிடலாமா என்ற கேள்விகள் இவருக்கு முதல் மாதத்திலேயே வரும். உடனே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை அவரோடு சேர்ந்து வாசியுங்கள், போதகரையும் அழைத்துப் பேசுங்கள். நீங்கள் சொல்லிக் கேட்ட பதில் அப்பா கோபப்படும்போது தாங்காது. அவரே வேதத்தில் கண்டது தாங்கும்.

மூவர் குழு. ஒரே பாலினத்தார் மூன்று பேர், ஏறக்குறைய ஒரே வயது, வாரம் ஒருமுறை. தலைவர் கிடையாது. நடத்த ஆள் இல்லாத சபைக்கும், எப்போது வேண்டுமானாலும் வெளிநாடு போகக்கூடிய இளைஞர்களுக்கும் என் முதல் சிபாரிசு இதுதான். ஒருவர் போய்விட்டாலும் இருவர் தொடரலாம், இன்னொருவரைச் சேர்க்கலாம். புதிய விசுவாசிகள் மூவரை மட்டும் சேர்க்காதீர்கள். ஒருவராவது வேதம் தெரிந்தவராக இருக்க வேண்டும். இல்லையென்றால் இணையத்தில் கேட்டதெல்லாம் உபதேசமாகிவிடும்.

குடும்ப ஆராதனை. தாயும் தகப்பனும் விசுவாசிகளாக இருக்கும் வீடுகளில் மற்ற எந்த முறையோடும் இதைச் சேர்த்துச் செய்யலாம். பத்து நிமிஷம் போதும்.

எல்லா முறையையும் ஒரே நேரத்தில் தொடங்காதீர்கள். பட்டியலில் எந்த வகையினர் அதிகமோ அவர்களுக்கான முறையை முதலில். மற்றவை அடுத்த ஆண்டு.

6. காலண்டரில் பன்னிரண்டு வாரம் கண்டுபிடியுங்கள்

முடிவு நாள் தெரியாத எதற்கும் வேலைக்குப் போகிறவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பன்னிரண்டு வாரம் என்றால் ஒப்புக்கொள்வார்கள்.

சிறந்த காலம் ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை. மழை இல்லை, கிறிஸ்துமஸ் முடிந்திருக்கும், திஞ்ஜான் (பர்மியப் புத்தாண்டு) விடுமுறை இயல்பான முடிவாக அமையும். லெந்து காலமும் பெரும்பகுதி இதற்குள் வரும். லெந்துக் கூட்டங்களுக்கு மேல் இன்னொரு கூட்டமாக வைக்காமல் அந்த நாளையே குழுவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வாய்ப்பு ஜூனில் பள்ளி திறந்த பிறகு. அப்போது மழை உச்சத்தில் இருக்கும், தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும். ஆகவே நடந்து வரும் தூரத்தில் இருப்பவர்களையே ஒரு குழுவாக்குங்கள். டிசம்பரில் எதையும் தொடங்காதீர்கள், கரோல் பவனியே எல்லா மாலையையும் எடுத்துக்கொள்ளும்.

நேரம் பகலில் வையுங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலயத்திலேயே ஒரு மணி நேரம் என்பது பல சபைகளுக்கு ஒத்துவருகிறது. மாலையில் மின்சாரம் போகும், பஸ் குறையும், பெண்கள் திரும்பிப் போவது கஷ்டம். வீட்டில் கூடினால் வார்டு அலுவலகத்துக்கு முன்பே தெரிவித்துவிடுங்கள். வெளியூரிலிருந்து வந்து இரவு தங்குகிறவர்களைப் பதிய வேண்டும் என்ற விதி உண்டு, ஆகையால் இரவு முகாம்கள் முதல் ஆண்டில் வேண்டாம்.

7. ஒரே ஒரு குழுவை வைத்துச் சோதியுங்கள்

சபை முழுவதற்கும் அறிவிக்காமல் ஒரு குழுவோடு பன்னிரண்டு வாரம் நடத்துங்கள். தவறு நடந்தால் எட்டுப் பேருக்குள் திருத்திக்கொள்ளலாம். இந்தக் குழுவில் அடுத்து நடத்தக்கூடியவர்கள் மூன்று பேரையாவது சேருங்கள். அடுத்த சுற்றுக்குத் தலைவர்கள் இங்கிருந்துதான் வருவார்கள்; தனியாகத் தலைவர் பயிற்சி தேவைப்படாது.

நான்காம் வாரமும் எட்டாம் வாரமும் இரண்டு கேள்வி கேளுங்கள்: இன்று எத்தனை பேர் பேசினார்கள்? போன வாரம் சொன்னதை யார் செய்து பார்த்தார்? வருகைப் பதிவைவிட இந்த இரண்டும் உண்மையைச் சொல்லும். எட்டுப் பேர் வந்து இரண்டு பேர் மட்டும் பேசியிருந்தால் நடத்துகிறவர் அதிகம் பேசுகிறார் என்று பொருள்.

8. இப்போது புத்தகம்

முதல் சுற்றுக்கு மாற்கு சுவிசேஷமே போதும். பதினாறு அதிகாரம், சின்னச் சின்ன நிகழ்ச்சிகள், கேட்டுத் திருப்பிச் சொல்ல எளிது. முதல் எட்டு அதிகாரத்தில் பன்னிரண்டு பகுதிகளைத் தேர்ந்தெடுத்து, "நீங்கள் என்னை யார் என்று சொல்லுகிறீர்கள்" என்று இயேசு கேட்கும் இடத்தில் முடியுங்கள். ஒவ்வொரு வாரமும் அதே நான்கு கேள்வி: என்ன நடந்தது? இதில் இயேசு எப்படிப்பட்டவர்? இந்த வாரம் நான் என்ன செய்ய வேண்டும்? இதை யாரிடம் சொல்வேன்?

கேள்விகளை மாற்ற வேண்டாம். மூன்றாம் வாரத்தில் எல்லாருக்கும் மனப்பாடமாகிவிடும், பிறகு யார் வேண்டுமானாலும் நடத்தலாம். அச்சடித்த பாடம் வாங்குவதாக இருந்தால் இந்தச் சுற்று முடிந்த பிறகு, படி 2-இல் எழுதிய வாக்கியங்களை எதிரே வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

9. பாதுகாப்பு விதிகளை முதல் நாளே சொல்லுங்கள்

ஆண் ஆணையும் பெண் பெண்ணையும் மட்டுமே தனியாகச் சந்திக்க வேண்டும். சிறுவர்களைத் தனியாக யாரும் சந்திக்கக் கூடாது. குழுவுக்குள் கடன் கொடுக்கல் வாங்கல் கூடாது. உதவி தேவையென்றால் சபை மூலமாக. குழுவில் கேட்டதைக் குடும்பத்தாரிடமும் சொல்லக் கூடாது. ஆனால் ஒருவர் உயிருக்கோ ஒரு பிள்ளைக்கோ ஆபத்து என்றால் போதகரிடம் சொல்வோம் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

வேறு மதத்து வீட்டிலிருந்து வரும் பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் விஷயத்தில் பெற்றோருக்குத் தெரியாமல் எதுவும் செய்யாதீர்கள். 2015-ஆம் ஆண்டு மதமாற்றச் சட்டப்படி மதம் மாறுகிறவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும், டவுன்ஷிப் பதிவுக் குழுவிடம் விண்ணப்பிக்கவும் வேண்டும். ஞானஸ்நானத் தேதி குறிப்பதற்கு முன் போதகர் இதை அவரோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

10. போகிறவர்களை ஒப்படைத்து அனுப்புங்கள்

பன்னிரண்டு வாரத்துக்குள் ஒருவராவது நாட்டை விட்டுப் போவார் என்று எதிர்பாருங்கள். அதைத் தோல்வியாக எண்ண வேண்டாம். புறப்படுவதற்கு முன் அவர் போகிற ஊரில் ஒரு சபையைக் கண்டுபிடித்து, அங்கேயுள்ள போதகருக்கு உங்கள் போதகர் கையால் ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். மலேசியாவில் தமிழ்ச் சபைகள் நிறைய உண்டு. தாய்லாந்தில் பர்மிய மொழிச் சபைகளைத் தேட வேண்டியிருக்கும். படி 3-இல் பர்மியத்தில் வாசிக்கப் பழகியது அவருக்கு அங்கே உதவும்.

கடிதத்தில் மூன்று விஷயம் போதும்: ஞானஸ்நானம் பெற்றவரா, எதுவரை கற்றிருக்கிறார், என்ன பொறுப்பு கொடுக்கலாம். முதல் மூன்று மாதம் குழுவில் ஒருவர் வாரம் ஒருமுறை அவரைப் போனில் கூப்பிடட்டும். யார் கூப்பிடுவார் என்று பெயரோடு முடிவு செய்யுங்கள். "எல்லாரும் பேசிக்கொள்ளுங்கள்" என்று விட்டால் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள்.